மூன்றாம் தந்தி மட்டும் ஆறு

எண்ணூறு என்றார் டெற்லெவ்.
எழுநூறு என்றேன்.
இடையில் அவருடைய நாய் ஒருமுறை குரைத்தது.
எழுநூற்றைம்பது.

வுப்பற்றாலில், பார்மன் பக்கம், நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை.
ஊராரின் குளியலறைகளுக்கு ஓடு பதித்துப் பதித்து
முழங்காலைத் தேய்த்த மனுசன்.
இடதில் இப்போது டைட்டேனியம்.
"நெம்புகோலை முழங்காலால் இடிக்கவேணும்.
இதுவும் இடிக்குது,
எனக்குச் சொல்லாமல் இடிக்குது."
சிரிக்கலாமோ என்று தெரியாமல்
பெட்டியின் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாசித்துக்கொண்டுதான் போயிருந்தேன்:
பத்துத் தந்தி, ஒற்றைக் கழுத்து போதும்.
இரட்டைக் கழுத்து முதுகுக்கும் ஆகாது, பைக்கும் ஆகாது.
பெடல் மூன்று. நெம்புகோல் நாலாவது இருக்கட்டும்.
குனிந்து அடியைப் பார்,
இழுகம்பி வளைந்திருந்தால்
நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கு.

குனிந்தேன்.
டிப்போவில் விடிய நாலு மணிக்கு
பஸ்ஸின் அடியைப் பார்ப்பதுபோல்
கைபேசி வெளிச்சத்தில் கம்பி கம்பியாய்.
எல்லாம் நேர். ஒன்றில் சிலந்தி வலை.
அதையும் விலையில் சேர்த்தாயிற்று.

இடது காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னார்.
பதினொரு வருசமாய் ஒட்டோமற்றிக் பஸ்.
வலது கால்தான் உழைக்கும்,
இடது சும்மா குந்தியிருந்து சம்பளம் வாங்கும்.
மிதித்தது.
எங்கேயோ ஒரு சுரம் வழுக்கி மேலேறி நின்றது.
காசை எண்ணிக் கொடுத்தேன்.

தொங்கு ரயிலில், ஆற்றுக்கு மேலே,
பதினெட்டுக் கிலோப் பெட்டியை முழங்காலுக்கிடையில் இறுக்கி.
"உள்ளுக்கு என்ன?" ஒரு பொடியன்.
"அயன் மேசை" என்றேன்.
விரித்து வைத்தால் அப்படித்தான் இருக்கும், பொய்யில்லை.

மிச்சம் நூற்றித் தொண்ணூறு.
மின்சாரக் கட்டண உறையின் பின்பக்கத்தில் கணக்கு.
சத்தத்துக்கு வலது கால் பெடல், பழையது, அறுபது.
கரகரக்கும். கரகரக்கட்டும்.
ஒலிபெருக்கி இரவல்,
ஹாகனில் மச்சாள் மகன் கீபோர்ட் பழக வாங்கி
இரண்டு கிழமையில் மறந்தது.
விரலுக்கு உலோக நகம் இரண்டு, கட்டைவிரலுக்குப் பிளாஸ்ரிக் ஒன்று, ஒன்பது யூரோ.
குறட்டால் வளைத்து என் விரலுக்குப் பொருத்தினேன்.
கதிரை: குசினி முக்காலி. கை வைக்க இடமில்லாததே நல்லதாம்.

உருட்டுக்கம்பிக்கு மட்டும் மனம் வரவில்லை.
தவநேசனின் ஸ்பானர் பெட்டியில்
பத்தொன்பதாம் நம்பர் சொக்கெற்றை எடுத்து
ஒரு கிழமை தந்திமேல் தேய்த்தேன்.
தகரக் கூரையில் பூனை நடந்தது.
யானை வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு அழுவானேன்?
நாற்பத்தைந்து.
கையில் வைத்தால் குளிர்ந்த மீன் மாதிரிப் பாரம்.

தந்தி.
துருப்பிடியா உருக்கு கனநாள் நிற்கும், கூவும்.
நிக்கல் சீக்கிரம் களைக்கும், ஆனால் மெல்லப் பேசும்.
அயல்வீட்டில் கைக்குழந்தை. நிக்கல்.
ஒரு செற்.
"மூன்றாம் தந்தியைத் தனியாக ஆறு வாங்கு,"
படியிறங்கும்போது டெற்லெவ் கத்தினவர்.
அங்குலத்தை ஆயிரமாய் நறுக்கி
அதில் பதினொன்றை எடுத்தால் அதன் தடிப்பு.
விற்கிறவன் பேச்சு என்று நினைத்தேன்.
பன்னிரண்டு யூரோ மிச்சம் பிடித்தேன்.

சனி இரவு, ஒன்பது இருபதுக்கு, அறுந்தது.
"கோப்பையா?" அறைக்குள்ளிருந்து தவநேசன்.
"பன்னிரண்டு யூரோ."

ஞாயிறு கடை பூட்டு.
ஒன்பது தந்தியோடு குந்தினேன்.
நடுப்பெடலை மிதிக்க
இல்லாத தந்தியைக் கால் இழுத்தது.
இழுக்க, கீழிருந்து இன்னொன்று எழும்பியது,
தடித்தது, ஆறாவது.
அதே பெடலுக்கு அதுவும் ஏறும் என்று வாசித்திருந்தேன்,
கேட்டிருக்கவில்லை.
மெல்லியவள் பாடும்வரை
இவளுடைய குரல் எனக்கு எட்டவேயில்லை.
பின்னேரம் முழுக்க அதையே மிதித்தேன்.
பருப்பு அடிப்பிடித்தது.

திங்கள் இடைவேளையில் ஓடர் பண்ணினேன்,
மூன்றாம் தந்தி மட்டும், ஆறு.
வியாழன் வருமாம்.

இப்போது சிவப்பு விளக்கு.
பின்னால் நாற்பது பேர், ஈரக் குடைகள்.
வலது கால் பிரேக்கில்.
இடது,
ஒன்றுமில்லாத தரையை
மெல்ல அழுத்தி
அரைச்சுரம் ஏற்றிப் பார்க்கிறது.